தணிகாசலத்தின் அங்கோலா சட்டை

புத்தூரில் ரயில் பாதையை ஒட்டியிருந்த நளினியின் வீட்டில், வடக்கு அறைக்கு ஜன்னல் உண்டு, வெயில் கிடையாது. பழைய துணிக்கு வெளிச்சம் ஆகாது என்று அவளே அங்கே பச்சை நிற இரட்டைத் திரை போட்டிருந்தாள். அதனால் பகல் முழுக்க அந்த அறை குளத்தின் அடியைப் போல மங்கிய பச்சையாக இருக்கும். அந்தப் பச்சைக்குள், சுவரோரமாக, போர்களுக்குப் போய்த் திரும்பிய உடைகள் தொங்கிக்கொண்டிருந்தன. பர்மாக் காட்டில் ஒரு சமையல்காரர் போட்டிருந்த அரைக்கால் சட்டை. அறுபத்திரண்டில் பனிமலையில் காவல் நின்ற ஒருவரின் கம்பளி மேல்கோட்டு. கார்கிலுக்கு லாரி ஓட்டியவரின் முழங்கை நைந்த ஜாக்கெட். சரக்கு ரயில் ஒன்று கடந்தால் வீடு லேசாக அதிரும். அப்போது காலிச் சட்டைக் கைகள் எல்லாம் ஒருமுறை அசைந்து அடங்கும், யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்தது போல.

ரேணிகுண்டா சந்திப்பில் முன்பதிவு கவுன்ட்டரில் அவளுக்கு வேலை. பெயர், வயது, ஏறும் இடம், இறங்கும் இடம் என்று நாளெல்லாம் தட்டிக்கொண்டே இருப்பாள். சாயங்காலம் வீடு திரும்பும்போது ஒரு முகமும் நினைவில் இருக்காது. சிறுமியாக இருந்தபோது, அவள் நைனா அதே ரேணிகுண்டாவில், ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தார். ராணுவ ரயில்கள் வந்து நிற்கும். ஜன்னல் ஜன்னலாகப் பச்சைச் சட்டைகள் தெரியும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் கிளம்பிப் போய்விடும். இவர்களெல்லாம் எங்கே இறங்குவார்கள் என்று ஒருநாள் கேட்டாள்.

"அத நமக்குச் சொல்ல மாட்டாங்க கண்ணு" என்றார் நைனா.

அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. சம்பளம் வாங்க ஆரம்பித்ததும் அந்தச் சட்டைகளைத் தேடத் தொடங்கினாள். யார் போட்டது, எந்தப் போரில் போட்டது, அதை யார் சொன்னது என்பது தெரியாவிட்டால் எவ்வளவு பழைய உடையானாலும் வாங்க மாட்டாள். தெரிந்துவிட்டால், ஒரு சிறிய அட்டையில் அதை எழுதி உடைக்குக் கீழே பொருத்தி வைப்பாள். கணவன் சம்பத் திருப்பதியில் கணக்கு வாத்தியார். "எங்க வீட்ல என்னைத் தவிர எல்லா ஆம்பளைங்களும் யுத்தம் பாத்தவங்க" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். ஆனால் அந்த அறைக்குள் வந்தால் அவன் குரலும் தானாகத் தாழ்ந்துவிடும்.

பொங்கல் முடிந்த வாரத்தில் சித்தூர் கிருஷ்ணப்பாவிடமிருந்து போன் வந்தது. பிளாஸ்டிக் குடத்துக்கும் பக்கெட்டுக்கும் பழைய துணி மாற்றுகிறவர்கள் ஊர் ஊராகச் சேர்த்துக்கொண்டு வருவதை மூட்டையாக வாங்கி விற்கிறவர் அவர்.

"மேடம், மிலிட்டரி ஷர்ட் ஒகட்டி வந்திருக்குது. காலர்ல நம்பர் கூட இருக்குது. வந்து பாத்துக்கினு போங்க."

ஞாயிற்றுக்கிழமை போனாள். கிருஷ்ணப்பாவின் கிடங்கில் துணிகள் மலையாகக் குவிந்திருந்தன. புடவைகளும் பள்ளிச் சீருடைகளும் வேட்டிகளும், எத்தனையோ வீடுகளின் வாசனையோடு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கின. அதன் உச்சியிலிருந்து அவர் அந்தச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். கம்பளியும் பருத்தியும் கலந்து நெய்த தடித்த துணி. குளிர்காலத்தில் ராணுவத்தில் போடுகிற அங்கோலா சட்டை. பாசி பிடித்த கல்லின் நிறம். கழுத்துப் பட்டியின் உட்புறம் கறுப்பு மையில் ஒரு எண் பதிந்திருந்தது. நளினி சட்டையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். உடலின் வெப்பம் இன்னும் கொஞ்சம் அதில் இருப்பது போல அவளுக்குத் தோன்றியது. தன் கைச்சூடுதான் அது என்றும் தெரிந்தது. காலர் எண்ணை நம்பி, முதல்முறையாக விசாரிக்கும் முன்பே காசு கொடுத்து வாங்கிக்கொண்டாள்.

முன்னாள் ராணுவத்தினருக்கான அலுவலகத்தில் அவளுக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். எண்ணைக் கொடுத்த சில நாட்களில் பெயரைச் சொல்லிவிட்டார்கள். தணிகாசலம். நாராயணவனத்துக்குப் பக்கத்து ஊர். பாலம் போடும் பிரிவு. எழுபத்தொன்று டிசம்பரில் கிழக்கு எல்லையில் ஓர் ஆற்றில் குண்டு விழுந்து இறந்துபோனார்.

நளினி சட்டையை மறுபடி விரித்துப் பார்த்தாள். ஓட்டை இல்லை, கிழிசல் இல்லை, ரத்தக் கறையும் இல்லை. போட்டிருந்தவர் திரும்பவில்லை, சட்டை மட்டும் எப்படி வந்தது? அந்த மூட்டை நகரிக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து வந்ததாகக் கிருஷ்ணப்பா விசாரித்துச் சொன்னார். நீலக் கதவு போட்ட வீடு என்று துணி மாற்றியவனுக்கு ஞாபகம் இருந்ததாம்.

அடுத்த ஞாயிறு காலை, சட்டையை ஒரு வெள்ளை மல் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நளினி பஸ் ஏறினாள். நகரி மலையின் மூக்கு பனியில் பாதி கரைந்து நின்றது. மாந்தோப்புகள் பூத்திருந்தன. பஸ்ஸுக்குள் அந்தப் பூவாசனை வந்து நிரம்பியபோது, எங்கே போகிறோம் என்பதுகூட அவளுக்குக் கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று. மடியிலிருந்த பொதி தூங்குகிற குழந்தையைப் போல வண்டி ஆட்டத்துக்கு ஆடிக்கொண்டு வந்தது.

நீலக் கதவைத் திறந்தவள் ஷோபா, அந்த வீட்டு மருமகள். நளினி திண்ணையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லி மல் துணியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டியதும் அவள் முகம் வெளுத்துப்போனது.

"மெதுவாப் பேசுங்கக்கா" என்றாள். "போகிக்கு வீடு சுத்தம் பண்றப்ப பெட்டில அடில கெடந்துது. எதோ பழசுன்னு எடுத்துப் போட்டுட்டேன். அன்னில இருந்து மாமா தேடிக்கினே இருக்குறாரு. நான்தான் போட்டேன்னு சொல்றதுக்கு வாய் வர்ல."

"மாமா தணிகாசலத்துக்குச் சொந்தக்காரரா?"

"தெரியலக்கா. மாமா பேரு கங்கையா. அவரும் மிலிட்டரிதான்."

அதற்குள் பின்பக்கத்திலிருந்து கங்கையா வந்துவிட்டார். எழுபது தாண்டிய மனிதர். உயரமானவர், சட்டை போடாத தோளில் ஒரு துண்டு. நளினியின் மடியைப் பார்த்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மல் துணிக்குள் கையை விட்டு, சட்டையின் உட்புறத்தைத் தடவினார். கண் தெரியாதவர்கள் முகத்தைத் தடவிப் பார்ப்பது போல இருந்தது அது.

"மாமா, நான்தான் தெரியாம..." என்று ஷோபா ஆரம்பித்தாள்.

"வந்துடுச்சு இல்ல. வுடு" என்றார் அவர். "இவங்களுக்கு டீ போடு."

டீ வந்தது. நளினி தன் அறையைப் பற்றிச் சொன்னாள், உடைகளைப் பற்றிச் சொன்னாள். கங்கையா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, பக்கத்து வீட்டில் நேற்று நடந்ததைச் சொல்கிறவர் போலப் பேச ஆரம்பித்தார்.

"அந்தப் பக்கம் குளிரு வேற மாதிரிம்மா. நம்ம ஊர் மார்கழி இல்ல அது. ஆத்துல பாலம் போடறோம். மெதக்கற பெட்டிங்கள ஒண்ணோட ஒண்ணு சேத்துக் கட்டணும். தண்ணில எறங்கித்தான் கட்டணும். கொஞ்ச நேரம் நான் எறங்குவேன், அப்பால அவன் எறங்குவான். ரெண்டு பேருக்கும் ஒரே ஊர்ப் பாஷை, அதனால எங்கள எப்பவும் ஒண்ணாவே போடுவாங்க. வெடியக் காலைல நான் எறங்கினேன். ஏறி வர்றப்ப பல்லு அடிச்சுக்குது, நிக்க முடியல. அவன் பாத்தான். எறங்கற முறை அவனுது. எப்படியும் நனையப் போறதுதானேன்னு தன் சட்டையக் கழட்டினான். எனக்குப் போட்டுவுட்டு, பித்தான் கூட அவனே போட்டான். என் கைக்கு அது வர்ல."

டீயை ஒரு வாய் குடித்தார்.

"'போட்டுக்கினு இரு. வந்து வாங்கிக்கிறேன்'னு சொல்லிட்டு எறங்கினான். பனி மூடிக்கினு இருந்துது. கழுத்து வரைக்கும் தண்ணி, அப்பால பனி. அவன் கொரல் மட்டும் கேக்குது, பெட்டியத் தள்ளு, இழு, அப்படின்னு. சூடா இருந்துதும்மா அந்தச் சட்டை. அவன் ஒடம்புச் சூடு. அதுல நான் அப்படியே கண்ணசந்துட்டேன். சத்தம் கேட்டு முழிச்சப்ப ஆத்துல பெட்டிங்க இல்ல, அவனும் இல்ல. பனி மட்டும் அப்படியே இருந்துது."

ஷோபா கதவோரம் நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவளும் அதை இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறாள் என்று தெரிந்தது.

போர் முடியும்வரை கங்கையா அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தார். ஊருக்கு வந்த பிறகு துவைக்கவில்லை, போடவும் இல்லை. லீவில் வந்த முதல் தடவையே அதை எடுத்துக்கொண்டு நாராயணவனம் போனார். வீடு பூட்டிக் கிடந்தது. நிலம் இல்லாத குடும்பம். தாயும் பெண்ணும் எங்கோ செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அடுத்த லீவிலும் போய்ப் பார்த்தார், அப்போதும் பூட்டுத்தான். அதற்கப்புறம் வடக்கே மாற்றல், கல்யாணம், பிள்ளைகள். சட்டை பெட்டியின் அடிக்குப் போய்விட்டது.

நளினி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் தேடிச் சேர்த்த உடைகளில் இப்படி ஒன்று இல்லை. போட்டவர் பெயர் தெரியும், இடம் தெரியும், கடைசிச் சொல்கூடத் தெரியும். சொல்கிறவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். வடக்கு அறையில் அதற்கான இடத்தை மனசுக்குள் அவள் ஒதுக்கியும் விட்டாள். அந்தப் பச்சை வெளிச்சத்தில் அது தொங்குவது கண்ணுக்குத் தெரிந்தது.

கங்கையா சட்டையை மடித்து அவள் மடியில் வைத்தார்.

"நீ வாங்கினதும்மா இது. எனக்கு இதுல பாத்தியத இல்ல. ஆனா வந்து வாங்கிக்கிறேன்னு சொன்னான் இல்ல. அவன் வீட்டு மனுஷங்க யாராவது இருந்தா, ஒரு தடவ அவங்க கையில குடுத்துட்டு வரணும். என்னால இனிமே விசாரிச்சிக்கினு அலைய முடியாது. நீ இவ்ளோ தூரம் விசாரிச்சிக்கினு வந்தவ."

திரும்பி வருகிற பஸ்ஸில் நளினி ஜன்னலோரம் உட்கார்ந்து, அறையில் சட்டைக்கு ஒதுக்கிய இடத்தை மனசிலிருந்து எடுக்கப் பார்த்தாள். அது போக மறுத்தது. வீட்டில் சம்பத்திடம் சொன்னாள்.

"குடுத்துட்டா திரும்பி வராது" என்றாள்.

"வராதுதான்" என்றான் சம்பத். "அந்தப் பெரியவரு அம்பது வருஷமா குடுக்கணும்னு வச்சிருந்தாரு. நீ வச்சிக்கணும்னு வச்சிருக்க. எதுன்னு நீதான் பாத்துக்கணும்."

நாராயணவனத்தில் விசாரிப்பது நளினிக்கு அவ்வளவு கடினமாக இல்லை. குடும்பம் எப்போதோ திரும்பி வந்திருந்தது. தாய் இல்லை. தங்கை பொன்னியம்மாள் இருந்தாள், ஊருக்குக் கிழக்கே தன் கொல்லையிலேயே வீடு கட்டிக்கொண்டு. போரில் இறந்த அண்ணன் பெயரில் அரசாங்கம் கொடுத்த நிலம் அது. நளினி ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, கங்கையாவை நகரியிலிருந்து ஆட்டோவில் வரச் சொன்னாள். இருவருமாகப் போனார்கள்.

பொன்னியம்மாள் குட்டையான பெண்மணி, முன் நரை. களத்தில் புளி உலர்த்திக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கங்கையா தன் பேரைச் சொன்னார், தணிகாசலத்தோடு இருந்தவன் என்று சொன்னார். ஆற்றையும் பனியையும், சட்டை கைமாறியதையும் சொல்லி முடித்தார். நளினி பொதியைப் பிரித்துக் கொடுத்தாள்.

பொன்னியம்மாள் சட்டையைத் தோளைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்துக்கு எதிரே நீட்டிப் பார்த்தாள்.

"இவ்ளோ சின்னதா?" என்றாள்.

திருப்பி முதுகுப் பக்கத்தையும் பார்த்தாள்.

"எங்கண்ணன் வாசல்ல நின்னா வீட்டுக்குள்ள இருட்டாப் பூடும்னு நெனச்சிக்கினு இருந்தேன். என்னத் தோள்ல தூக்கிக்கினு கோயில் தேர் காட்டுவான். நான் அப்ப சின்னப் பொண்ணு." சட்டையின் தோள் அகலத்தை விரலால் அளந்தாள். "என் பேரனுக்குக் கூட இது பத்தாது. இத்தினியூண்டு பையனா அவன்."

"நாங்க எல்லாருமே அப்படித்தான் இருந்தோம் தங்கச்சி" என்றார் கங்கையா.

அவள் அழவில்லை. சட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டபோதுதான் நளினிக்கு விளங்கிற்று. எழுந்து ஓடினாள். தன் அறைக்கு வந்த எந்த உடையையும் அவள் தண்ணீரில் போட்டதே இல்லை. தூசியைக்கூட மெல்லிய பிரஷ்ஷால்தான் எடுப்பாள். போட்டவரின் வியர்வை, போன இடத்து மண், மை, எல்லாம் அதில்தான் இருக்கிறது.

"வேணாம்மா. நனைச்சா எல்லாம் போயிடும்" என்றாள்.

பொன்னியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா போயிடும்?"

நளினி பக்கெட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆத்தங்கரையில கழட்டிப் போட்ட சட்டைம்மா. இத்தினி வருஷமா அழுக்காவே கெடந்துக்குது. அவன் அழுக்குச் சட்டைய எங்கம்மாதான் தோய்ப்பா. அவ இல்ல, நான் தோய்க்கிறேன்."

சட்டை பக்கெட்டுக்குள் இறங்கியது. தண்ணீர் மெல்ல நிறம் மாறியது. முதலில் தேநீரைப் போல, பிறகு மழைக்கால ஆற்றைப் போல. நளினி குனிந்து பார்த்தாள். அந்தக் கலங்கலுக்குள் ஏதோ நகர்வது போலவும், தூரத்தில் யாரோ கூப்பிடுவது போலவும் இருந்தது. சட்டையின் கைகள் தண்ணீருக்குள் விரிந்து மிதந்தன. பொன்னியம்மாள் அந்த நீரைத் தென்னையின் அடியில் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினாள். பல தடவைக்குப் பிறகு நீர் தெளிந்தது.

சட்டை கொடியில் காய்ந்தது. உண்ணாமல் போகக் கூடாது என்று பொன்னியம்மாள் அவர்களிடம் சொல்லிவிட்டாள். கீரையும் கருவாட்டுக் குழம்பும். "இன்னும் கொஞ்சம் துன்னுண்ணா" என்று கங்கையாவுக்கு அள்ளி அள்ளி வைத்தாள். சாப்பிட்ட பிறகு வேப்பமர நிழலில் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் கொடுத்தாள். நளினி சும்மா சாய்ந்தவள் கண்ணயர்ந்துவிட்டாள்.

கனவில் ஒரு வெண்மையான ஆறு. அதன் கரையில் அவளுடைய அறையின் உடைகள் எல்லாம் வரிசையாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. போட்டிருந்தவர்கள் எல்லாரும் தண்ணீருக்குள் இருந்தார்கள், பனியில் முகம் தெரியவில்லை. ஆனால் பயமாக இல்லை. பள்ளிக்கூடம் விட்டுக் குளத்தில் குதித்த பையன்கள் போல அவர்கள் சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு குரலும் எந்தச் சட்டைக்குரியது என்று அவளுக்குத் தெரிந்தது. ஒருத்தர் கரையேறி வந்து, குளிரில் கையைத் தேய்த்தபடி, "என்னுது எங்கம்மா?" என்று கேட்டார். அவள் தேடினாள். வரிசையில் அது இல்லை.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கொடியில் சட்டை இல்லை.

எழுந்து உட்கார்ந்தாள். கங்கையா கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து கொல்லைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வேர்க்கடலைப் பச்சைக்கு நடுவே, வரப்பில், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு யாரோ போனார்கள். புடவைக்கு மேல் ராணுவச் சட்டை. கைகள் முழங்கை வரை மடித்து விடப்பட்டிருந்தன. களை எடுக்கப் போகிற பெண்கள் வீட்டு ஆண்களின் பழைய சட்டையைப் புடவை மேல் போட்டுக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம்தான். நளினி எத்தனையோ முறை ரயில் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள்.

"மோட்டாருக்குக் கரண்டு வந்துடுச்சாம். தங்கச்சி தண்ணி கட்டப் போவுது" என்றார் கங்கையா. "தோளு சரியா நிக்குதும்மா அதுக்கு."

முள்ளும் சேறும் வெயிலும் அந்தத் துணியை இன்னும் எத்தனை நாள் விட்டு வைக்கும்? ஒரு வருஷம், இரண்டு வருஷம். கழுத்துப் பட்டியின் எண் இப்போதே பாதி அழிந்திருக்கும். போய்க் கேட்டால் பொன்னியம்மாள் கழற்றிக் கொடுத்தும் விடலாம். நளினி எழுந்து வரப்பில் நடந்தாள், கேட்கத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே.

குழாயிலிருந்து தண்ணீர் விட்டு விட்டு வந்து, பிறகு ஒரே பாய்ச்சலாகக் கொட்டியது. கால்வாயில் முன்னேறிய நீரின் நுனி, காய்ந்த சருகுகளைத் தூக்கிக்கொண்டு, தயங்கித் தயங்கி வந்தது. பொன்னியம்மாள் மண்வெட்டியை ஊன்றி நின்றாள். சாய்ந்த வெயிலில் சட்டையின் பச்சையும் கொல்லையின் பச்சையும் எங்கே பிரிகின்றன என்று தெரியவில்லை. வரப்பின் நடுவில் ஒரு சட்டை தானாக நின்று மூச்சு விடுவது போல ஒரு கணம் இருந்தது. அது உண்மையிலேயே மூச்சு விட்டது. உள்ளே ஓர் உடம்பு இருந்தது. சூடாக, வியர்த்து, வேலை செய்கிற உடம்பு.

"கதகதன்னு இருக்குதும்மா. இந்த மாசத்துக் காத்துக்கு நல்லா இருக்குது" என்றாள் பொன்னியம்மாள்.

நளினி கேட்க வந்ததைக் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதும் மனசு ஒரேயடியாக லேசாகிவிடவும் இல்லை. வலி ஒரு ஓரமாக இருந்தது, இருக்கட்டும் என்று தோன்றியது.

"சும்மா நிக்கிறியே, அந்த மடையத் தொறந்து இந்தப் பக்கம் வுடு" என்று பொன்னியம்மாள் கையைக் காட்டினாள்.

நளினி செருப்பை வரப்பில் விட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கால்வாயில் இறங்கினாள். ஆழத்திலிருந்து வந்த தண்ணீர் சில்லென்று கணுக்காலைச் சுற்றியது. குனிந்து இரண்டு கையாலும் மண்ணை விலக்கினாள். தண்ணீர் அவள் விரல்களுக்கிடையே புகுந்து, கொஞ்சம் நின்று, பிறகு அடுத்த பாத்திக்குப் போயிற்று.